இதுல ஆஸ்பத்திரி எங்க, டாக்டர்?

நீளமான இழை. டெங்கு, சுகர், பிரஷர் எதுவும் இல்ல. கப்பல் பொம்மை பத்தினது. மருத்துவக் குறிப்பு எதிர்பார்த்து வந்தவங்க தாராளமா நகர்ந்து போகலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

மதகடிப்பட்டுல இருந்து கடலைப் பார்க்கணும்னா கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போகணும். இங்க செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தை உண்டு, விழுப்புரம் ரோட்டுல கரும்பு லாரி உண்டு, கப்பலுக்கு வாய்ப்பே இல்ல. ஆனா என் குவார்ட்டர்ஸ் ஹால்ல டிவிக்கு மேல இருக்கிற ஷெல்ஃபுல இப்போ பதினொரு கப்பல் நிக்குது. பெரும்பாலும் ஒரு சாணுக்குள்ள அடங்குறவை. அஞ்சு வருஷ உழைப்பு. என் மனைவி கணக்குப்படி அஞ்சு வருஷ வெட்டி வேலை.

இதுக்குப் பேர் வாட்டர்லைன் மாடல். கப்பலை முழுசா செய்யாம, தண்ணிக்கு மேல தெரியுற பாகத்தை மட்டும் செய்றது. நீர்மட்டக் கோட்டோட அடிப்பாகத்தை வெட்டிடணும். மேஜைமேல வெச்சா மேஜையே கடல். ரெண்டாம் உலகப் போர்ல தூரத்துல வர்ற கப்பல் நம்முதா எதிரியோடதா என்று கண்டுபிடிக்கப் பழக்க, 1/1200 அளவுல இந்த மாதிரி குட்டிக் கப்பல்களைப் பயன்படுத்தினாங்க. பொழுதுபோக்கா உலகம் முழுக்கப் பரவினதுக்கு ஜப்பான்தான் முக்கியக் காரணம். 1971-ல ஷிசுவோக்கா நகரத்து நாலு கம்பெனிகள் (டமியா, ஹசேகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி) ஒருத்தரோட ஒருத்தர் அடிச்சுக்காம, எந்தக் கப்பலை யார் செய்றதுன்னு பங்கு போட்டுக்கிட்டு, எல்லாத்தையும் 1/700 அளவுல கொண்டுவந்தாங்க. ஒரே அளவுங்கறதால எந்தக் கம்பெனி கப்பலையும் எதுக்குப் பக்கத்துல வேணா நிறுத்தலாம். இவ்ளோ ஒத்துமை மருந்துக் கம்பெனிகள்கிட்ட இருந்தா நான் ஒரே மருந்துக்கு நாப்பது பிராண்ட் பேர் ஞாபகம் வெச்சுக்க வேண்டியிருக்காது.

நான் கடைசியா முடிச்சது எம்டன். பெட்டியில வந்த கிட் இல்ல. வரைபடத்தை வெச்சு, பிளாஸ்டிக் ஷீட்டை அடுக்கடுக்கா ஒட்டி, இழைச்சு நானே செஞ்சது. எட்டு மாசம் ஆச்சு.

ஆமா, அதே எம்டன்தான். "அவன் சரியான எம்டன்"னு நம்ம வீடுகள்ல சொல்வாங்களே. கண்டிப்பான அப்பாவுக்கும் அதே பட்டம். 2006-ல வந்த 'எம் மகன்' படத்துக்கு முதல்ல வெச்ச பேரே 'எம்டன் மகன்'தான். ஒரு ஜெர்மன் கப்பல் பேரு தமிழ் அகராதிக்குள்ள நுழைஞ்சு நூறு வருஷத்துக்கு மேல ஆகுது. அதுக்கு அது செலவழிச்ச நேரம் அரை மணிகூட இல்ல.

1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிர்ல வந்து நின்னு நூறுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகள் பத்தி எரிஞ்சது. துறைமுகத்துல நின்ன கப்பல்ல ஆட்கள் செத்தாங்க. எம்டன் விளக்கை அணைச்சுட்டுக் கிளம்பிப் போயிடுச்சு. மறுநாள்ல இருந்து ஆயிரக்கணக்கான ஜனம் மூட்டை கட்டிக்கிட்டு ஊரைக் காலி பண்ணினாங்க. ஹைகோர்ட் மதில்ல அதுக்கு இன்னைக்கும் ஒரு கல்வெட்டு இருக்கு.

மாடல் செய்றவனுக்கு எம்டன் ஒரு விருந்து. நிஜ நீளம் 118 மீட்டர், 1/700-ல கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர். பத்து பீரங்கி, ஒவ்வொண்ணோட வாயும் நிஜத்துல 10.5 சென்டிமீட்டர், என் மேஜையில 0.15 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில காட்டி, இளகினதும் மெதுவா இழுத்தா மயிரிழை மாதிரி நீளும், அதை நறுக்கினா பீரங்கிக் குழாய். பாய்மரக் கம்பத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவுல ஓடுற கயிறுதான் பெரிய தலைவலி. தையல் நூல்ல 6-0 போட்டுப் பார்த்தேன், இந்த அளவுல அது நங்கூரச் சங்கிலி மாதிரி தெரிஞ்சது. கண் டாக்டரா இருக்கிற நண்பன் காலாவதியான 10-0 நைலான் ஒரு பாக்கெட் கொடுத்தான். (அரசாங்க ஸ்டாக் இல்ல, ஆடிட் நண்பர்கள் கவனிக்க.) அதோட தடிமன் 0.02 மில்லிமீட்டர் சொச்சம். 700-ஆல பெருக்கினா ஒன்றரை, ரெண்டு சென்டிமீட்டர் கயிறு. கச்சிதம்.

புகைபோக்கி இன்னொரு சுவாரசியம். எம்டனுக்கு மூணுதான். ஆனா தூரத்துல பார்க்கிறவங்க பிரிட்டிஷ் கப்பல்னு ஏமாறணும்னு அவங்க துணியில நாலாவதா ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டிக்குவாங்க. அதையும் தனியா செஞ்சு, மாட்டிக் கழட்டுற மாதிரி வெச்சேன். என் பொண்ணுக்கு இந்தக் கப்பல்ல பிடிச்ச ஒரே விஷயம் அதுதான்.

நிறம் மட்டும் மனசுக்கு ஒப்பல. போருக்கு முன்னாடி இந்தக் கப்பல் வெள்ளையா இருந்தது, 'கிழக்கின் அன்னம்'னு பேர். அந்த வெள்ளை ஷெல்ஃபுல வெச்சா கண்ணைப் பறிக்கும். ஆனா மெட்ராஸுக்கு வந்தது சாம்பல் பூசின எம்டன். ஒரு வாரம் யோசிச்சு சாம்பலே அடிச்சேன். அந்த நேர்மைக்காக என்னை நானே மெச்சிக்கிட்டிருந்தப்பதான் சிஸ்டர் வந்தாங்க.

எங்க சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கு. என் பொண்ணு பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்தவங்க, கேக் தட்டோட ஷெல்ஃப் முன்னாடி நின்னாங்க.

"இது என்ன கப்பல் டாக்டர்?"

சொன்னேன். பீரங்கி, புகைபோக்கி, 10-0 நைலான், சாம்பல் நிறம் எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க.

"எத்தனை பேர் இருந்தாங்க இதுல?"

"சுமார் 360 பேர்."

"இதுல ஆஸ்பத்திரி எங்க டாக்டர்?"

பதில் தெரியல. எட்டு மாசம் அந்தக் கப்பலோட குடும்பம் நடத்தியிருக்கேன். எந்தப் படகு எந்தப் பக்கம் தொங்குச்சுன்னு தெரியும். காயம்பட்டவனை எங்க தூக்கிட்டுப் போனாங்கன்னு ஒரு தடவைகூட யோசிச்சதில்ல. டாக்டர்னு போர்டு வேற மாட்டியிருக்கேன்.

அவங்க கேட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி நானும் அவங்களும் நைட் டியூட்டி. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த வேன் ஹைவேயில கவுந்து பதினாலு பேரைக் கொண்டுவந்தாங்க. ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், ஒரு அட்டெண்டர். 108 வந்து, முடியாதவங்களை ஒவ்வொருத்தரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்புற வரைக்கும் நாப்பது நிமிஷம். யாரை முதல்ல பார்க்கிறதுன்னு தரையில சாக்பீஸால நம்பர் போட்டது சிஸ்டர்தான். அந்த நாப்பது நிமிஷத்தைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதில்ல.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.

எம்டனோட மருத்துவர் பேர் டாக்டர் லூதர். அவருக்குக் கீழ ஷ்வாபேன்னு ஓர் உதவி மருத்துவர். அந்தக் காலப் போர்க்கப்பல்கள்ல சண்டை நேரத்துக் காயக்கட்டு இடத்தைப் பொதுவா கீழ்த்தளத்துல, கவசத் தகட்டுக்கு அடியில வைப்பாங்க. அதாவது வாட்டர்லைன் மாடல் செய்றவன் பிளேடை வெச்சு அறுக்கிற கோட்டுக்குப் பக்கத்துல, இல்லேன்னா அதுக்கும் கீழ.

1914 அக்டோபர் 28 காலையில எம்டன் பினாங்கு துறைமுகத்துக்குள்ள புகுந்து ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடிச்சது. வெளியே வர்றப்போ மூஸ்கேங்கிற ஃபிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடிச்சது. பாண்டிச்சேரிக்காரங்களுக்கு இது பக்கத்து வீட்டு விஷயம்; அப்போ நாம இருந்ததும் ஃபிரெஞ்சுக் கொடிக்குக் கீழதான். மூழ்கின மூஸ்கேயில இருந்து 36 பேரை எம்டன்காரங்களே தண்ணியில இருந்து தூக்கி, காயத்துக்குக் கட்டுப் போட்டாங்க. சிலர் பிழைக்கல, அவங்களை மரியாதையோட கடல்ல அடக்கம் பண்ணினாங்க. மத்தவங்களை வழியில கிடைச்ச ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்ல ஏத்தி விட்டாங்க. கால் மணி நேரம் முன்னாடி அவங்களைச் சுட்டதும் இதே கப்பல். நான் மாஞ்சு மாஞ்சு செஞ்ச பீரங்கியும் இந்தக் கட்டுத் துணியும் ஒரே தளத்துல இருந்திருக்கு. எனக்கு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரிஞ்சது.

பன்னெண்டு நாள் கழிச்சு, நவம்பர் 9. கோகோஸ் தீவுகள். அங்க இருந்த தந்தி நிலையத்தை உடைக்க ஐம்பது பேர் கரைக்குப் போயிருந்தப்போ ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்துடுச்சு. பெரிய கப்பல், பெரிய பீரங்கி. எம்டனைச் சல்லடையாக்கிடுச்சு. கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் கப்பலை நார்த் கீலிங் தீவுப் பவளப்பாறை மேல ஏத்தி நிறுத்தினார். எம்டன்ல செத்தவங்க 130 பேருக்கும் மேல.

சிட்னி உடனே வந்து காயம்பட்டவங்களை எடுத்துக்கல. வேற வேலைக்குப் போயிட்டு மறுநாள்தான் வந்தது. நடுவுல ஒரு ராத்திரி, வெயில்ல ஒரு பகல். டாக்டர் லூதர்கிட்ட மருந்து, கட்டுத் துணி பெரும்பாலும் போயிடுச்சு, கூட வேலை பார்க்க ஆள் இல்ல. ஷ்வாபே கரைக்குப் போய்ச் சேர்ந்து அங்கேயே இறந்துட்டார். சிட்னியோட மருத்துவர் லியோனார்ட் டார்பி பின்னாடி எழுதின குறிப்புல, அந்த நிலைமையில லூதரால பெருசா எதுவும் செய்ய முடிஞ்சிருக்காதுன்னு இருக்கு. குற்றம் சொல்ற தொனியில இல்ல. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்காகப் பேசுற தொனி. எங்களுக்கு நாப்பது நிமிஷம். அவருக்கு ஒரு நாளைக்கும் மேல.

அதைப் படிச்சுட்டு ஷெல்ஃபைப் பார்த்தேன். சுத்தமா, அழகா, ஆளே இல்லாம நின்னுச்சு.

இப்போ என் கருத்துக்கு வர்றேன்.

"நீங்க உயிர் காக்கிறவர், உங்களுக்கு எதுக்கு சார் போர்க்கப்பல்? மீன்பிடிப் படகு செய்யலாமே?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நல்ல எண்ணம்தான். ஆனா ஒத்துக்க மாட்டேன். எம்டனை ஷெல்ஃபுல இருந்து எடுத்துட்டா மெட்ராஸ்ல குண்டு விழாம போயிடாது. பாண்டி பீச் ரோட்டுல முதல் உலகப் போர் நினைவுச்சின்னம் நிக்குது. அது முன்னாடி செல்ஃபி எடுக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு அது எந்தப் போருக்குன்னு தெரியும்? எங்க ஹால்ல ஒரு 17 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் துண்டு, இந்த ஊர்ல வேற யாரும் கேட்காத ஒரு கேள்வியை சிஸ்டரைக் கேட்க வெச்சது. புத்தகத்தைக் காட்டியிருந்தா கேட்டிருக்க மாட்டாங்க.

இன்னொரு கட்சி இருக்கு, என் சக மாடல்காரங்க. "பாஸ், ஹாபியில சென்டிமென்ட்டைக் கலக்காதீங்க. அளவு சரியா, நிறம் சரியா, அவ்ளோதான்." இவங்களோடதான் எனக்குச் சண்டை அதிகம். துல்லியம் வேணும்னு சொல்றவங்க துல்லியத்துல பாதியை விடக் கூடாது. 0.15 மில்லிமீட்டர் குழாய்க்கு அரை நாள் செலவழிக்கிறோம். 1/700-ல ஒரு மனுஷன் உயரம் 2.4 மில்லிமீட்டர், குழாயை விட பதினாறு மடங்கு பெருசு. அவனை மட்டும் "ரொம்பச் சின்னது, தெரியாது"ன்னு விட்டுடுறோம்.

2.4 மில்லிமீட்டர்னா ஒரு கடுகு. நானும் என் பொண்ணும் சமையலறையில உட்கார்ந்து 360 கடுகை எண்ணினோம். டீஸ்பூன்ல பாதிகூட வரல. அதுல இருந்து 130-ஐத் தனியா பிரிச்சேன். "இது எதுக்குப்பா?"ன்னு கேட்டா. சொன்னேன். அவ அந்த 130-ஐ மறுபடி ஒரு தடவை எண்ணினா.

அதனால நான் சொல்றது இவ்ளோதான்: போர்க்கப்பல் செய்யுங்க, ஷெல்ஃபுலயும் வையுங்க. ஆனா வெட்டின பாகம் எதுன்னு பார்க்கிறவங்களுக்குச் சொல்லிடுங்க.

நான் எம்டனை அதோட அட்டைக் கடல்ல இருந்து பிரிச்சேன். (ஃபெவிகாலும் டிஷ்யூ பேப்பரும் வெச்சுச் செஞ்ச அலை. நல்லாத்தான் வந்திருந்துச்சு, பிரிக்கிறப்போ வயிறு எரிஞ்சது.) இப்போ அது ஒரு கண்ணாடி மாதிரி அக்ரிலிக் தகடு மேல நிக்குது. தகடுக்குக் கீழ, நான் வெட்டிப் போட்ட அடிப்பாகத்தை அதே அளவுல டிரேசிங் பேப்பர்ல வரைஞ்சு ஒட்டியிருக்கேன். நிஜத்துல தண்ணிக்குக் கீழ ஐந்தரை மீட்டர், இங்க எட்டு மில்லிமீட்டர். அந்த எட்டு மில்லிமீட்டருக்குள்ள பன்னெண்டு பாய்லர், கரி அள்ளிப் போட்டவங்க, குண்டு அறை. எம்டன் நீராவிப் பிஸ்டன் எஞ்சின்ல ஓடின கப்பல், எல்லாம் கரிதான். மெட்ராஸ் ராத்திரியில குண்டு சுட்டவங்களைவிட கரி அள்ளினவங்களுக்குத்தான் அதிகம் வியர்த்திருக்கும். மேல்தளத்துல கடுகு சைஸ்ல முப்பது பேரை நிறுத்தினேன். அவ்ளோதான் கண்ணு தாங்குச்சு.

எரியிற எம்டனை, பாறை மேல கிடக்கிற எம்டனைச் செய்யலாமேன்னு தோணுச்சு. அப்படிச் செய்றவங்க இருக்காங்க, அசத்தலாவும் செய்றாங்க. எனக்கு வேண்டாம். புகைக்குப் பஞ்சு ஒட்டி, துருவுக்கு ஷேட் அடிச்சு, "சூப்பரா வந்திருக்கு"ன்னு நானே சொல்லிக்கிற நிமிஷம் ஒண்ணு வரும். அந்த இடத்துக்குப் போக விருப்பமில்ல.

சோழர் கப்பல் செய்யச் சொல்லியும் கேட்கிறாங்க. எங்க ஊர்லயே ராஜராஜன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் இருக்கு, ஆசை எனக்கும் உண்டு. ஆனா அளவோட ஒரு வரைபடம் யார்கிட்ட இருக்கு? வாட்ஸ்அப்ல சுத்துற படத்தை வெச்சு ஸ்கேல் மாடல் செய்ய முடியாது. கற்பனைச் சிற்பம் வேணா செய்யலாம், அது வேற கலை.

ஆரம்பிக்க நினைக்கிறவங்களுக்கு: முதல் கப்பல் சின்ன டெஸ்ட்ராயரா இருக்கட்டும், விமானந்தாங்கிக் கப்பல் வேண்டாம். 11-ஆம் நம்பர் பிளேடை உங்க பக்கமா இழுக்காதீங்க. என் இடது பெருவிரல்ல ரெண்டு தையல் சாட்சி. பெயின்ட் ஸ்பிரே அடிக்கிறப்போ ஜன்னலைத் திறந்து வெச்சு மாஸ்க் போடுங்க. நாப்பது வயசை நெருங்குறவங்க முதல்ல கண்ணாடி பவர் செக் பண்ணிக்கோங்க, "கை நடுங்குது டாக்டர்"னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்குக் கண்ணுதான் பிரச்சினை. கண்ணாடிப் பெட்டி வாங்கக் காசு இல்லன்னா பெரிய ஃபெரேரோ ரோஷர் டப்பா போதும், தூசியும் எறும்பும் உள்ள போகாது. சாக்லேட்டை யாராவது சாப்பிட்டுத்தான் ஆகணும், அந்தத் தியாகத்துக்கு எங்க வீட்டுல ஆள் இருக்கு.

"ஹாபி இருந்தா டாக்டர்களுக்கு பர்ன்அவுட் வராதாமே?"ன்னும் கேட்கிறாங்க. வரும். காலிப் பணியிடத்தை நிரப்பினா குறையும். கப்பல் அதுக்கு மருந்து இல்ல. எனக்கு இது பிடிச்சிருக்கு, அதனால செய்றேன்.

கடைசியா ஒண்ணு. சிட்னி, காயம்பட்ட ஜெர்மானியர்களோட நவம்பர் 15-ஆம் தேதி கொழும்புக்கு வந்தது. துறைமுகம் முழுக்க ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைக் கப்பல்கள், ஜெயிச்ச கப்பலை வரவேற்கத் தயாரா. சிட்னியோட கேப்டன் கிளாசப் முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தார்: காயம்பட்டவங்க இருக்காங்க, ஆரவாரம் வேண்டாம். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் கைப்பிடிச் சுவர்ல வரிசையா நின்னு, சத்தமில்லாம பார்த்துக்கிட்டிருந்தாங்க.

ஷெல்ஃபுல எம்டனுக்கு முன்னாடி இப்போ ஒரு சின்ன அட்டை இருக்கு. தமிழ்லதான். மெட்ராஸ் தேதி, பினாங்கு தேதி, கோகோஸ் தேதி, செத்தவங்க எண்ணிக்கை, கொழும்புல கேட்காத அந்தச் சத்தம், டாக்டர் லூதர், டாக்டர் ஷ்வாபே. பக்கத்துல ஒரு குட்டிக் கண்ணாடிப் புட்டியில கடுகு.

போன வாரம் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, குனிஞ்சு, அட்டையை முழுசா படிச்சாங்க. தகடுக்குக் கீழ இருந்த படத்தையும் பார்த்தாங்க.

"ரெண்டு டாக்டர் பேரும் எழுதியிருக்கீங்க. இவங்ககூட கட்டுப் போட்டவங்க பேரு?"

தேடிக்கிட்டிருக்கேன்.